இரண்டு உயரத்துக்கு ஒரு வண்டி

அந்தத் தெருப்பக்கம் வந்துகொண்டிருந்த ஒரே பேருந்தைத் திடீரென்று ஒருநாள் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தத்துக் கம்பத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துவிட்டுச் சிலர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். சிலர் யாரிடம் புகார் கொடுப்பது என்று கூடிக் கூடிப் பேசினார்கள். மற்றவர்கள் பேசாமல் நடக்க ஆரம்பித்தார்கள். பெயின்டர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் நடந்தவர்கள் கூட்டத்தில் சேர்ந்தவர்கள்.

பெரியவள் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிற பகுதியில் வேலை பார்த்தாள். ஊர் விழிப்பதற்கு முன்னால் கிளம்பினால் நண்பகலில் வீடு திரும்புவாள். சின்னவள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், சட்டத்துக்குத் தகுந்த மாதிரி கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்தும் வேலை பார்த்தாள். அவள் மதியம் போனால் கடை அடைத்த பிறகுதான் வருவாள். ஒருத்தி உள்ளே வரும்போது இன்னொருத்தி வெளியே போவாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஒருத்தியை ஒருத்தி நலம் விசாரிப்பதும், யாருடைய சட்டையை யார் போட்டுக்கொண்டு போனது என்று சண்டை போடுவதும் அந்த ஒரு நிமிடத்துக்குள் நடந்து முடிந்துவிடும்.

நடந்து நடந்து இருவருக்கும் குதிகால் வெடித்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவள்தான் பேச்சை எடுத்தாள்.

"ரெண்டு பேருக்கும் லைசென்ஸ் இருக்கு. காலையில நான் எடுத்துட்டுப் போறேன், மதியானம் நீ எடுத்துட்டுப் போ. ஒரு வண்டி போதாதா?"

சின்னவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயிற்சிப் பள்ளியின் ஓட்டை வண்டியில் எட்டுப் போட்டு, முதல் தடவையிலேயே தேறி வாங்கிய லைசென்ஸ் அவளுடைய பையில் ஒரு வருடமாகச் சும்மா கிடந்தது. ஆனாலும் அவள் சிரித்துவிட்டாள்.

"ஒரு வண்டி சரிக்கா. ஆனா அது யார் உயரத்துக்கு?"

கேள்வி நியாயமானதுதான். பெரியவள் நெடுநெடுவென்று வளர்ந்தவள். அடுப்பங்கரை மேல்தட்டில் எது வேண்டுமென்றாலும் வீட்டில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சின்னவளோ அக்காவின் தோளுக்குக் கீழே நின்றாள். சித்தப்பா அவளுக்கு வைத்த பெயர் 'அரைப்படி'. சொந்தக்காரர்கள் பலருக்கு அவளுடைய உண்மையான பெயர் மறந்தே போயிருந்தது.

சித்தப்பா என்றதும் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தம்பியான அவர் ஒரு குளிர்சாதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். ஆனால் அவரிடம் கேட்டால், தொழில் மோட்டார் சைக்கிள், பொழுதுபோக்குக் கிடங்கு என்பார். அவருடைய கறுப்பு வண்டி தெருமுனையில் திரும்பும்போதே இந்த வீட்டுத் தட்டுகள் அதிரும். வண்டி வாங்கப் போகிற விஷயம் அப்பாவின் வாய்தவறி அவர் காதில் விழுந்ததுதான் தாமதம், அடுத்த சனிக்கிழமை வந்து நின்றார்.

"அண்ணி, நீங்க கவலையே படாதீங்க. இதெல்லாம் என் பொறுப்பு. முதல் வண்டிங்கறது முதல் பல்லு மாதிரி, பார்த்து எடுக்கணும்."

"முதல் பல்லு விழுந்துடுமே," என்றாள் அம்மா, தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

சித்தப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெண்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பழைய வண்டிக் கடை ஒன்றுக்குப் போனார். உள்ளே வண்டிகளைத் தோளோடு தோள் உரசுகிற மாதிரி நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். புது ரப்பர் வாடையும் மெழுகு வாடையும் அடித்தது. சித்தப்பா நேராகப் போய் ஒரு சிவப்பு வண்டியின் முன்னால் நின்றார். அகலமான டேங்க், கொழுத்த டயர், பின்னால் தூக்கிக்கொண்டிருந்த சீட்டு.

"இதுதான். இதுல போனா ஊரே திரும்பிப் பார்க்கும்."

விற்பனையாளர் சித்தப்பாவிடம்தான் பேசினார். இன்ஜினைப் பற்றி, பிரேக்கைப் பற்றி, தவணையைப் பற்றி எல்லாமே சித்தப்பாவுக்குத்தான். ஓட்டப் போகிறவர்கள் இருவரும் கல்யாண வீட்டுக்கு அழைக்காமல் வந்தவர்கள் மாதிரி ஓரமாக நின்றார்கள். பெரியவள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. வண்டி அவளுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது.

"அரைப்படி, இப்ப நீ ஏறு."

சின்னவள் ஏறினாள். சீட்டு இடுப்பைத் தாண்டி இருந்தது. ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு கட்டைவிரல் தரையைத் தொட்டது. மறுபக்கம் சாய்ந்தால் இந்தப் பக்க விரல் அந்தரத்தில் தொங்கியது. சித்தப்பா படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கி, "ஸ்டாண்டை எடுத்துட்டு நிமிர்ந்து உட்காரு, கெத்தா இருக்கும்," என்றார். அவள் ஸ்டாண்டைத் தள்ளினாள். நிமிர்ந்தாள். வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு, அவசரமே இல்லாமல், வலப்பக்கம் சாயத் தொடங்கியது. அவள் காலை நீட்டினாள். நீட்டிய இடத்தில் தரை இல்லை.

சிவப்பு வண்டி பக்கத்து வண்டியின் மேல் விழ, அது அதற்குப் பக்கத்து வண்டியின் மேல் சாய, கடை முழுவதும் ஒரு பெரிய இரும்புச் சத்தம் கேட்டது. அவளுக்கு அடி எதுவும் படவில்லை. உடைந்தது ஒரு இண்டிகேட்டர் மட்டும்தான். ஆனால் அந்த அமைதியில் விற்பனையாளர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"இந்தத் தங்கச்சிக்கு எதுக்கு சார் வண்டி? பின்னாடி உட்கார்ந்து போகட்டுமே."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சித்தப்பாவும் என்ன செய்வது என்று தெரியாமல் லேசாகச் சிரித்து வைத்தார். பெரியவள் உடைந்ததற்குக் காசு கொடுத்துவிட்டுத் தங்கையின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். சின்னவள் அழுகையை வெளியே விடக்கூடாது என்பதற்காக வீடு வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

அன்று சாயங்காலம் பெரியவள் பாசமாகத்தான் பேசினாள். வினையும் அதில்தான் வந்தது.

"விடுடி. உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? நான் ஓட்டுறேன். நான் வேலை முடிஞ்சு வந்ததும் உன்னைக் கொண்டு போய் விடறேன், கடை அடைக்கிற நேரத்துக்கு வந்து எடுத்துட்டு வரேன்."

"கொண்டு போய் விட்டு, எடுத்துட்டு வர நான் என்ன பார்சலாக்கா?"

"நல்லதுக்குச் சொன்னா..."

"அந்தக் கடைக்காரன் சொன்னதைத்தானே நீயும் சொல்ற? அவன் சத்தமாச் சொன்னான், நீ மெதுவாச் சொல்ற. அவ்வளவுதான்."

அதன் பிறகு அக்கா தங்கை பேச்சு நின்றுபோனது. ஒரே அறை, ஒரே கண்ணாடி, ஒரே சீப்பு, ஆனால் பேச்சு இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சோப்புக்குக்கூட, "அம்மா, அதை அவளை எடுத்து வைக்கச் சொல்லுங்க," என்று அம்மா வழியாகத் தூது போனது. பெயின்ட் அடித்துக் களைத்து வந்த அப்பா, சாப்பிடும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "வீட்டுல யாராவது ரேடியோவையாவது போடுங்க," என்றார்.

அம்மா சில நாள் பொறுத்தாள். துணி திருத்தித் தைப்பது அவளுடைய தொழில். கழுத்தில் அளவு நாடா எப்போதும் பாம்பு மாதிரி தொங்கும். ஒருநாள், ஒருத்தி உள்ளே வந்து இன்னொருத்தி கிளம்பும் அந்த ஒரு நிமிடத்தில், இரண்டு பேரையும் வாசலில் வைத்து மடக்கினாள்.

"ரெண்டு பேரும் ஷூ போட்டுட்டு இப்படி வந்து நில்லுங்க."

"எதுக்கும்மா?"

"நில்லுன்னா நில்லு."

கால்சட்டைக்கு உள்கால் அளவு எடுக்கிற மாதிரி இருவருக்கும் எடுத்தாள். பெரியவளுடைய அளவை வாயால் சொன்னதோடு விட்டாள். சின்னவளுடைய அளவுக்கு ஒரு சிவப்பு ரிப்பனைக் கத்தரித்து, முனை பிரியாமல் மடித்துத் தைத்து, அவள் கையில் கொடுத்தாள்.

"ஆளைப் பார்க்காம துணியை வெட்டுனா யாருக்குப் போடறது? நீங்க அப்படித்தான் வண்டி பார்த்துட்டு இருக்கீங்க. தரையில இருந்து சீட்டு வரைக்கும் இந்த ரிப்பனை வச்சுப் பாருங்க. இதைத் தாண்டுச்சா, விலை கேட்காமலே வந்துடுங்க. பெரியவ ஏறி உட்கார்ந்து முட்டி இடிக்குதான்னு பாரு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வண்டி இல்லாமலா போகும்?"

பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் சேர்ந்து வண்டி பார்க்கப் போக வேண்டியிருந்ததால், வேண்டிய அளவுக்குத் திரும்பியது.

ரிப்பன் வந்ததிலிருந்து வேலை சுலபமானது. கடைக்குள் நுழைந்ததும் சின்னவள் குனிந்து ரிப்பனைப் பிடிப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், அடுத்த வண்டிக்கு நகர்வாள். கடைக்காரர்கள் இது என்ன சடங்கு என்று விழித்தார்கள். உயரம் குறைந்த ஸ்கூட்டர்கள் ரிப்பனுக்குச் சரியாக வந்தன. ஆனால் பெரியவள் உட்கார்ந்தால் முட்டி இரண்டும் கைப்பிடியில் மோதின, திருப்பவே முடியவில்லை. தவிர, பேக்கரிக்குப் போகும் வழி முழுக்கத் தோண்டிப் போட்ட சல்லிச் சாலை, சின்னச் சக்கரம் தாங்காது. தாழ்வான சீட்டோடு ஒரு வண்டி கிடைத்தது. கனமோ கனம், இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால்தான் நகர்ந்தது. புது வண்டி ஒன்று எல்லா விதத்திலும் பொருந்தியது. விலையைக் கேட்டதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். தவணையில் எடுத்தால் மாதாமாதம் கையைக் கடிக்கும். பெரியவள் ஆரம்பத்திலேயே ஒன்றைக் கறாராகச் சொல்லியிருந்தாள்: ஹெல்மெட்டுக்கும் இன்சூரன்ஸுக்கும் முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சம் இருப்பதில்தான் வண்டி. "தலைக்கு அப்புறம்தான் சக்கரம்."

ஒரு மீசைக்காரரின் வீட்டு வாசலில் கிட்டத்தட்ட முடிவாகியே விட்டது. ரிப்பன் பொருந்தியது, முட்டி இடிக்கவில்லை, விலையும் கைக்கு அடக்கம். "ரெண்டு நாளா எடுக்கவே இல்லம்மா. ஆனா பாருங்க, ஒரே உதையில பிடிச்சுக்கும்," என்று காலைத் தூக்கினார்.

சின்னவள் "ஒரு நிமிஷம்ணே," என்று குனிந்து இன்ஜின் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோனாள். அடுப்புப் பக்கம் போன மாதிரி சுட்டது. வண்டி வாங்குவது பற்றிக் கைப்பேசியில் பார்த்த வீடியோக்களில் அவள் மண்டையில் ஏறியிருந்த முதல் பாடம் அது: சூடான இன்ஜின் எதையும் மறைக்கும், குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும்.

"ரெண்டு நாளா எடுக்கலைன்னு சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"அப்ப இதுக்குக் காய்ச்சலாண்ணே?"

மீசைக்காரர் மீசையைத் தடவினார். பெரியவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தெருத் திரும்பும் வரை அடக்கிக்கொண்டு, திரும்பியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "காய்ச்சலாண்ணே! எப்படிடி வந்துச்சு உனக்கு?" சின்னவளும் சிரித்தாள். கடையில் வண்டி விழுந்ததற்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் அப்பா ஒரு விலாசத்தோடு வந்தார். அவர் பெயின்ட் அடிக்கும் கட்டடத்துக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவர், அலுவலகத்தில் வண்டி கொடுத்துவிட்டதால் தன் வண்டியை விற்கிறாராம். கிளம்பும் நேரத்தில் சித்தப்பா வந்து சேர்ந்தார். கடையில் நடந்ததற்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. "நானும் வரேன். பேச மாட்டேன். சும்மா வரேன்," என்றார். அவர் பேசாமல் இருப்பதை யாரும் நம்பவில்லை. ஆனாலும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மீட்டர்காரர் வீடு ஒரு செங்குத்தான தெருவின் நடுவில் இருந்தது. வண்டி வாசலில் நின்றது. சாம்பல் நிறம். பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தின மாதிரி டேங்கில் ஒரு நசுங்கல். சீட்டு உறையில் ஒரு ஒட்டு. திரும்பிப் பார்க்க அதில் ஒன்றுமே இல்லை. சித்தப்பா தெருவுக்குள் நுழைந்ததுமே கொடுத்த வாக்கை மறந்தார்.

"இதுவா? இதுல போனா சைக்கிள்காரன் ஹாரன் அடிச்சுத் தாண்டிப் போவான்டி."

சின்னவள் முதலில் இன்ஜினைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. ரிப்பனைப் பிடித்தாள். ஒரு விரற்கடை போதவில்லை. அவள் முகம் வாடியதைப் பார்த்து, பெரியவள் சீட்டின் மேல் கையை ஊன்றி அழுத்தினாள். சீட்டு இறங்கியது. "உட்கார்ந்தா அழுந்தும். அம்மாகிட்டச் சொல்ல வேண்டாம்." பெரியவள் ஏறிப் பார்த்தாள், முட்டி இடிக்கவில்லை. சின்னவள் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தாள், டயரில் விரலை ஓட்டினாள், பதிவுத்தாளில் இருந்த எண்ணையும் இன்ஜினில் இருந்த எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தாள். மீட்டர்காரர் அலுத்துக்கொள்ளாமல் நின்றார். "பின் டயர் தேய்ஞ்சிருக்கு, முதல்லயே சொல்லிடறேன். மத்தபடி இத்தனை வருஷத்துல என்னை நடுரோட்டுல நிக்க வச்சதில்ல," என்றார். இரண்டாவது உதையில் இன்ஜின் பிடித்தது. புகை இல்லை. சத்தம் சின்னதாக, ஒழுங்காக இருந்தது.

"ஓட்டிப் பாருங்க. இப்படியே மேல போய்த் திரும்பி வாங்க," என்று மீட்டர்காரர் ஹெல்மெட்டை நீட்டினார், பழக்கதோஷத்தில் சித்தப்பாவிடம். சித்தப்பாவும் கையை நீட்டினார்.

"சித்தப்பா," என்றாள் பெரியவள். "அவகிட்டக் கொடுங்க."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீ ஓட்டலையாக்கா?"

பெரியவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மேட்டுல நிறுத்தி எடுக்கணும்னா எனக்கு இன்னும் பயம்தான்டி. மூணாவது தடவைதானே லைசென்ஸ் கொடுத்தாங்க? எனக்குக் கால் எட்டுது, ஆனா கை வரல. உனக்குக் கால் எட்டல, ஆனா கை வருது. அன்னைக்கு நான் உன்னைப் பின்னாடி உட்காரச் சொன்னது தப்பு. நீ போ. நீ சரின்னா வாங்கலாம், இல்லன்னா வேண்டாம்."

சித்தப்பா நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

ஹெல்மெட் அவளுக்குப் பெரிதாக இருந்தது. வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு ஏறினாள். முதல் கியரில் வண்டி முனகாமல் மேட்டில் ஏறியது. இரண்டாவதுக்கு மாற்றினாள். காற்று சட்டைக்குள் புகுந்தது. பாதித் தூரம் போனபோது, கட்டுமான வேலை நடக்கும் இடத்தின் முன்னால் ஒரு லாரி குறுக்கே பின்வாங்கியது. ஒருவர் கையைத் தூக்கி அவளை நிற்கச் சொன்னார்.

நின்றாள். நல்ல செங்குத்து. இடுப்பை இடப்பக்கம் நகர்த்தி இடது காலை ஊன்றினாள். எட்டியது பாதத்தின் முன்பாதி மட்டும்தான். வலது கால் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் ஒரு சரக்கு வேன் வந்து நெருக்கி நின்றது. லாரி நகர்ந்ததும் வேன்காரர் ஹாரனை அழுத்தினார். அழுத்திய கையை எடுக்கவே இல்லை.

பழைய வண்டிக் கடையின் இரும்புச் சத்தம் அவள் காதுக்குள் கேட்டது. பின்னால் ஒரு முழம் உருண்டால் வேன். சாய்ந்தால் சாலை.

'அடிச்சுட்டுப் போ. நான் எடுக்கறப்பதான் எடுப்பேன்,' என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கிளட்சை மெல்ல, மிக மெல்ல விட்டாள். இன்ஜினின் குரல் ஒரு படி இறங்கியது. வண்டி முன்னால் போக விரும்பி முதுகை வளைத்த மாதிரி அடியில் ஓர் இழுப்பு தெரிந்தது. அந்த இழுப்புக்காகத்தான் காத்திருந்தாள். பிரேக்கை விட்டாள். வண்டி ஒரு விரல் அளவுகூடப் பின்னால் போகவில்லை. காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நேராக மேலே ஏறினாள்.

சிமென்ட் மூட்டை சுமந்தவர்கள் மூட்டையைச் சுமந்தார்கள். வேன் அடுத்த சந்தில் திரும்பிப் போனது. உலகத்தில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மேட்டு உச்சிக்குப் போய் வண்டியைத் திருப்பும்போது சின்னவள் ஹெல்மெட்டுக்குள் ஒரு கத்துக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. சொல்லாக இல்லை. வயிற்றிலிருந்து வந்த ஒரு சத்தம்.

இறங்கி வரும்போது பாதி மேட்டில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். சித்தப்பா. ஒரு செருப்பு காலில் இருந்தது, இன்னொன்று வார் அறுந்து கீழே கிடந்தது.

"என்ன சித்தப்பா, இங்க?"

"வேன்காரன் பின்னாடி ஒட்டி நின்னான் இல்ல... நீ விழுந்துடப் போறியோன்னு... பிடிக்கலாம்னு ஓடி வந்தேன்." மூச்சு அவரைப் பேச விடவில்லை. "நீ என்னடான்னா... ஏறிப் போய்ட்டே இருக்க. என் வண்டியில நானே அந்த இடத்துல ஒரு தடவை பின்னாடி உருண்டுதான் எடுத்திருப்பேன்டி, அரைப்படி."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கேலி இல்லை. அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "அன்னைக்குக் கடையில அவன் சொன்னதுக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது," என்றும் சொன்னார். சின்னவள், "ஏறுங்க சித்தப்பா, கீழ விடறேன்," என்றாள். அவர் ஏறிக்கொண்டார். ஊரையே தன் வண்டியால் அதிர வைத்தவர், அண்ணன் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாத சாம்பல் வண்டியில் மேட்டை விட்டு இறங்கி வந்தார்.

"வாங்கலாம்க்கா," என்றாள் சின்னவள், ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே.

விலை பேசுவதில் சித்தப்பா ஒரு கை பார்த்துவிட்டார். அதில் அவரை யாரும் அடிக்க முடியாது. பின் டயரைக் காட்டினார், டேங்க் நசுங்கலைக் காட்டினார், சீட்டு ஒட்டைக் காட்டினார், இரண்டு பெண் பிள்ளைகளைக் காட்டினார், தன் ஒற்றைச் செருப்பின் அறுந்த வாரைக்கூடக் காட்டினார். மீட்டர்காரர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். அவர் குறைத்துக்கொண்ட தொகையில் ஒரு புது டயரே போட்டுவிடலாம். பிறகு சித்தப்பா எல்லோரிடமும் சொன்னது இதுதான்: "வண்டியைப் பார்த்ததுமே சொல்லிட்டேன், இதுதான் வண்டின்னு. என் கண்ணு தப்புமா?"

பெயர் மாற்றும் வேலைகள் முடிந்து சாவி கிடைத்த அன்று, அக்காவும் தங்கையும் முதலில் ஹெல்மெட் கடைக்குத்தான் போனார்கள். இரண்டு தலைக்கு இரண்டு. சின்னவள் வண்டியைக் கிளப்பினாள். பெரியவள் நீண்ட கால்களை மடக்கிப் பின்னால் ஏறி உட்கார்ந்து, தங்கையின் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"பார்சல் ஏறியாச்சு. பத்திரமா வீட்டுல கொண்டு போய் இறக்கு."

அந்த வாரம் முழுவதும் வீட்டு வாசலில் மதியம் ஒரு கூத்து நடந்தது. பெரியவள் மாவுத்தூள் படிந்த சட்டையோடு வந்து இறங்குவாள். சின்னவள் ஏறியதும் கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரியும். "என்னக்கா, காக்கா பார்த்துட்டா ஓட்டிட்டு வந்த?" என்று திட்டிக்கொண்டே அதைக் கீழே திருப்புவாள். மறுநாள் அதிகாலையில் பெரியவள் ஏறினால் அதில் அவளுடைய முழங்கை மட்டும் தெரியும். அவள் திட்டுவது அந்த நேரத்தில் தூங்குகிற தங்கைக்குக் கேட்காது. அதனால் மதியம் சேர்த்து வைத்துத் திட்டுவாள். செருப்பு மாட்டும் அந்த ஒரு நிமிடச் சண்டை இப்போது ஐந்து நிமிடமாகிவிட்டது. இரண்டு பேருக்கும் நேரம் இருந்தது. நடக்க வேண்டியதில்லையே.

பெரியவள் மேடு எடுக்கக் கற்றுக்கொண்டதும் அந்த நாட்களில்தான். பின்னால் உட்கார்ந்த தங்கை, "விடு... விடு... இன்னும் விடாத... இப்ப!" என்று கத்த, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பேக்கரிக்குப் போகும் வழியிலிருந்த ஏற்றத்தில் நிறுத்தி நிறுத்தி எடுத்தாள். பத்துத் தடவை வண்டி அணைந்தது. அதற்கு மேல் அணையவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சின்னவள் வழக்கமான வழியை விட்டு, அப்பா வேலை செய்யும் கட்டடத்துச் சாலை வழியாகப் போனாள். சுற்று வழிதான். காரணம் கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. கட்டடம் தூரத்திலேயே தெரிந்தது. பாதி வெள்ளை, பாதி பழைய மஞ்சள். வெளிப்புறச் சுவரில் கயிற்றில் தொங்கிய பலகையில் நாலைந்து பேர் உட்கார்ந்து பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி துணி. அதில் அப்பா யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஹாரனை ஒரு தடவை அழுத்தினாள், லேசாக.

ஒரு தலை திரும்பியது. பிரஷ் அப்படியே நின்றது. பிறகு அந்த ஆள் பிரஷ் காம்பால் பெயின்ட் வாளியை 'டங் டங்' என்று தட்ட ஆரம்பித்தார். பலகையில் இருந்த மற்றவர்கள் என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள். அப்பா கையை நீட்டிச் சாலையைக் காட்டினார். அடுத்த கணம் எல்லா வாளிகளும் டங் டங் என்று அடித்தன. அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு குரல் இறங்கி வந்தது. அதிர்ந்து பேசத் தெரியாத அப்பாவின் குரல்.

"என் பொண்ணுடா அது! சின்னவ!"

கை தூக்கிக் காட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் சாலையில் வண்டிகள் அதிகம், கைப்பிடியை விடக்கூடாது. அவள் தலையை மட்டும் ஒரு தடவை பலமாக ஆட்டினாள். கண் கலங்கியதை ஹெல்மெட் பார்த்துக்கொண்டது.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே போய்ச் சேர்ந்தாள். வண்டியைச் சுவரோரம் நிழலில் நிறுத்தினாள். கடைக்காரம்மா கதவருகே நின்று எட்டிப் பார்த்தார்.

"யார் வண்டி இது? யாராவது கொடுத்தாங்களா?"

"எங்க வண்டிக்கா. எனக்கும் எங்க அக்காவுக்கும். நாங்களே பார்த்து வாங்கினோம்."

"பழசா?"

"பழசுதான். நல்ல வண்டி."

உள்ளே போய் மேலங்கியை மாட்டினாள். தேய்க்கிற இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். பூட்டினோமா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள். பூட்டியிருந்தது தெரியும். சும்மா ஒரு தடவை பார்க்கத்தான் போனாள்.